பாக்சோஸ் தீவின் கடற்குகைகள்: உரிமம் இல்லாமல் நாமே படகோட்டிப் பார்ப்பது எப்படி?

கிரேக்கத்தின் பாக்சோஸ் தீவை இரண்டு முறை படகில் சுற்றியிருக்கிறேன். முதல் முறை நங்கூரம் பிடிக்காமல் படகு தன்பாட்டுக்கு நகர்ந்து போய்விட்டது. இரண்டாம் முறை அப்படி எதுவும் நடக்கவில்லை. நடுவில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். விசா, விமானம், விடுதி பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். தீவில் விமான நிலையம் இல்லை, கோர்ஃபுவிலிருந்தோ இகுமெனிட்சாவிலிருந்தோ கப்பலில்தான் வர வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

முதலில் தீவின் அமைப்பு. ஏறக்குறைய 10 கிலோமீட்டர் நீளமுள்ள சின்னத் தீவு. கிழக்குக் கரை தாழ்வானது, தண்ணீர் வரைக்கும் ஒலிவ மரங்கள். கையோஸ், லோகோஸ் துறைகள் அந்தப் பக்கம், லாக்கா வடமுனையில். மேற்குக் கரை முற்றிலும் வேறு. வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை கடலிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கும். குகைகள் எல்லாம் அங்கேதான்.

படி 1: காற்று

படகு பிடிப்பதற்கு முன்பே இதைப் பாருங்கள். கோடையில் இங்கே வடமேற்கிலிருந்து அடிக்கும் காற்றை 'மாஇஸ்த்ரோ' என்பார்கள். காலையில் கடல் எண்ணெய் ஊற்றினாற்போல் கிடக்கும். மதியம் காற்று கிளம்பும், பிற்பகலில் ஏறும், பொழுது சாயும்போது அடங்கும். அது நேராகப் போய் மோதுவது குகைகள் உள்ள மேற்குக் கரையில். ஆகவே மேற்கைக் காலையில் முடித்துவிட வேண்டும், பிற்பகலைக் கிழக்கில் கழிக்க வேண்டும்.

நான் 'விண்டி' செயலியையும் கிரேக்கக் கடலாய்வு மையத்தின் 'போசைடன்' முன்னறிவிப்பையும் சேர்த்துப் பார்ப்பேன். இரண்டில் எது அதிகக் காற்றைச் சொல்கிறதோ அதையே நம்புவேன். காற்றின் வலுவைச் சொல்லும் போஃபோர்ட் அளவில் 3 வரை என்றால் மேற்கே போவேன். 4 என்று காட்டினால் அன்றைக்குக் கிழக்குக் கரை மட்டும்தான். முந்தின நாள் பலத்த காற்று அடித்திருந்தால், இன்று காற்றே இல்லாவிட்டாலும் அலையின் ஏற்ற இறக்கம் மிச்சம் இருக்கும். காற்று வரைபடத்தை மட்டும் பார்த்தால் அது தெரியாது, அலை உயரத்தையும் பாருங்கள்.

படி 2: படகு

கிரேக்கத்தில் 30 குதிரைத்திறன் வரையுள்ள எஞ்சின் படகை உரிமம் இல்லாமலே வாடகைக்கு எடுக்கலாம். 18 வயது ஆகியிருக்க வேண்டும். நான் காற்றடைத்த ரப்பர் படகை எடுப்பதில்லை. நிழல்துணியும் பின்னால் ஏணியும் உள்ள கண்ணாடியிழைப் படகுதான் என் தேர்வு. ஏணி இல்லாத படகைக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நீந்திக் களைத்த பிறகு கைகளை ஊன்றிப் படகில் ஏறுவது பலருக்கு முடியாது.

கிளம்புமுன் எஞ்சினை நிறுத்தும் சிவப்புச் சுருள்கயிற்றை மணிக்கட்டிலோ தொடையிலோ மாட்டிக்கொள்ளுங்கள். ஓட்டுபவர் தண்ணீரில் விழுந்தால் எஞ்சின் நிற்பது அதனால்தான். உயிர்காப்பு உடைகளை எண்ணுங்கள், துடுப்பு இருக்கிறதா, நங்கூரக் கயிறு எவ்வளவு நீளம் என்றும் கேளுங்கள். எரிபொருளுக்குப் பெரும்பாலும் தனிக்கணக்கு, அதையும் முன்பே பேசிவிடுங்கள்.

படி 3: எந்தப் பக்கமாகச் சுற்றுவது

கையோஸில் காலை 9 மணிக்கு எடுத்து வடக்கே போங்கள். லோகோஸ், லாக்கா தாண்டி, கலங்கரை விளக்கத்தைச் சுற்றினால் மேற்குக் கரை தொடங்கும். அங்கிருந்து தெற்கே இறங்கும்போது காற்று கிளம்பினாலும் முதுகுப் பக்கம்தான் இருக்கும். தென்முனையில் மோங்கோனிசி என்ற சிறு தீவைச் சுற்றியதும் மறுபடி கிழக்கின் மறைவுக்குள் வந்துவிடலாம். எதிர்த்திசையில் சுற்றினால் மேற்குக் கரை முழுக்க அலையை முகத்தில் வாங்கிக்கொண்டு ஓட்ட வேண்டியிருக்கும்.

இந்த வழியில் முதலில் வருவது இப்பபாந்தி குகைகள். அப்புறம் எரிமீதிஸ் பாறைச்சுவர். அதன் அடியில் உள்ள கடற்கரையே மேலிருந்து சரிந்த பாறையால் உண்டானது, அதனால் சுவருக்கு அடியில் படகை நிறுத்தி உட்கார்ந்து சாப்பிடாதீர்கள். இன்னும் தெற்கே கடலுக்குள் தனியாக நிற்கும் ஆர்த்தோலித்தோஸ். 'நிமிர்ந்த கல்' என்று பொருள், பார்த்ததும் புரியும். பக்கத்தில் பெத்ரீத்தி குகை, வல்லூறின் பெயர் கொண்டது. கடைசியாக திரிப்பீத்தோஸ், 'துளைபட்டது', பாறையில் இயற்கை குடைந்த வளைவு.

வெளிச்சத்தில் ஒரு சிக்கல் உண்டு. மேற்கு நோக்கிய சுவர் என்பதால் காலையில் நிழலில் இருக்கும். வெயில் நேராக விழும் நேரத்தில் காற்று வந்துவிடும். 11 மணி வாக்கில் வெயில் ஓரளவு மேலே ஏறியிருக்கும், கடலும் இன்னும் அமைதியாக இருக்கும். குகை வாயில் வழியாகத் தண்ணீருக்குள் நுழையும் ஒளி அடியில் உள்ள வெள்ளைக் கல்லில் பட்டு மேலே திரும்பும். கூரை இருட்டு, தண்ணீர் மட்டும் அடியிலிருந்து விளக்கு ஏற்றியதுபோல நீலம். கையை உள்ளே விட்டால் விரல்கூட நீலமாகத் தெரியும்.

படி 4: குகைக்குள் போவது

வாயிலுக்கு வெளியே தள்ளி நின்று மூன்று நிமிடம் சும்மா பாருங்கள். பாறையில் ஈரம் ஏறியிருக்கும் கறுப்புப் பட்டையைக் கவனியுங்கள். தண்ணீர் ஒரு சாண் ஏறி இறங்கினால் சரி. முழங்கை அளவு ஏறினால் உள்ளே போகாதீர்கள், குறுகிய இடத்தில் அந்த அலை இன்னும் பெரிதாகும்.

சுற்றுலாப் பயணிகளின் பெரிய படகு உள்ளே இருந்தால் அது வெளியேறி, அதன் அலையும் அடங்கட்டும். மெதுவாக ஓட்டுங்கள், ஒருவர் அணியத்தில் (படகின் முன்முனையில்) படுத்துத் தண்ணீருக்குள் பாறை தெரிகிறதா என்று பார்க்கட்டும். யாராவது தண்ணீரில் இறங்குவதானால் அதற்கு முன்பே எஞ்சினை அணையுங்கள். மூடிய குகையில் புகையும் தங்கிவிடும்.

மேற்குச் சுவரை ஒட்டிப் பல இடங்களில் ஆழம் அதிகம், நங்கூரம் எட்டாது. அதனால் எல்லோரும் சேர்ந்து குதிக்கக் கூடாது. படகு ஓட்டத் தெரிந்த ஒருவர் எப்போதும் படகில் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

படி 5: நங்கூரம் (நான் தவறிய இடம்)

பாக்சோஸுக்குத் தெற்கே ஆன்டிபாக்சோஸ் என்ற குட்டித் தீவு. அதன் வூத்தூமி கடற்கரையில் தண்ணீர் பளிங்கு. முதல் முறை அங்கே நங்கூரத்தைப் போட்டு, கயிறு விறைத்ததும் கட்டிவிட்டு நீந்தப் போனேன். திரும்பிப் பார்த்தால் படகு ஐம்பது அறுபது அடி தள்ளி, மற்றொரு படகை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. நீந்திப் பிடித்துவிட்டேன். காற்று இன்னும் கொஞ்சம் பலமாக இருந்திருந்தால் பிடித்திருக்க முடியாது.

இரண்டு தவறு செய்திருந்தேன். கயிற்றை ஆழத்தின் அளவுக்கு மட்டுமே விட்டது ஒன்று. நங்கூரம் பிடிப்பது எடையால் அல்ல. கயிறு சாய்வாகக் கிடந்து இழுத்தால்தான் அதன் நாக்கு மணலில் புதையும். கயிறு நெட்டுக்குத்தாக நின்றால் ஒவ்வோர் அலையும் அதைப் பிடுங்கும். 4 மீட்டர் ஆழத்துக்கு 15 முதல் 20 மீட்டர் கயிறு விடுங்கள்.

மற்றொன்று, கரும்பச்சைத் திட்டில் போட்டது. அது பாறை அல்ல, பொசிடோனியா என்ற கடற்புல். அதில் நங்கூரம் புதையாமல் வழுக்கும். பிடித்துவிட்டாலோ தூக்கும்போது புல்லை வேரோடு பறிக்கும். மீன்குஞ்சுகள் வளரும் இடம் அது, மறுபடி வளர எத்தனையோ ஆண்டுகள் ஆகும். வெளிர்நீலமாகத் தெரியும் மணலில் மட்டும் போடுங்கள்.

இப்போது நான் செய்யும் முறை இது. காற்றுக்கு எதிராக மெதுவாக வந்து நிற்பேன். நங்கூரத்தை வீசாமல் கையால் இறக்குவேன். படகு பின்னால் நகர நகரக் கயிறு விடுவேன். போதிய நீளம் விட்டதும் கட்டி, எஞ்சினைப் பின்னோக்கி மெல்ல இயக்குவேன். கயிற்றின் மேல் கை வைத்திருந்தால் தெரியும்: நங்கூரம் இழுபட்டால் கயிறு நடுங்கும், பிடித்துவிட்டால் விறைத்து அசையாமல் நிற்கும். பிறகு கரையில் ஒரு மரமும் அதன் பின்னால் ஒரு வீடும் ஒரே கோட்டில் வரும்படி பார்த்துவைப்பேன். ஐந்து நிமிடம் கழித்தும் கோடு விலகாமல் இருந்தால்தான் தண்ணீரில் இறங்குவேன். முகக்கண்ணாடி போட்டு நங்கூரம் புதைந்திருப்பதைக் கண்ணாலும் பார்த்துவிடுவேன்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுப் போன ஒருவர், நங்கூரம் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டது என்று எழுதியிருந்தார். பலங்கொண்டு நேராக இழுக்காதீர்கள். கயிற்றைத் தளர்த்தி, படகை நங்கூரத்தைத் தாண்டி மறுபக்கம் கொண்டுபோய் அங்கிருந்து இழுங்கள். போன வழியே திரும்பி வரும். எஞ்சினில் கயிறு சுற்றிக்கொள்ளாமல் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று: குழந்தைகளோடு போகலாமா என்று இருவர் கேட்டார்கள். கிழக்குக் கரைக்குத் தாராளமாகப் போகலாம், உயிர்காப்பு உடை அவர்கள் அளவுக்குப் பொருந்துகிறதா என்று துறையிலேயே போட்டுப் பாருங்கள். மேற்குக் கரைக்கு, படகோட்டியோடு போகும் பெரிய படகே நல்லது. கிரேக்கக் கடலோரக் காவல்படையின் அவசர எண் 108. சுவரை ஒட்டிப் போகும்போது கைபேசியில் சிக்னல் விட்டு விட்டு வரும், அதனால் எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று படகு கொடுத்தவரிடம் சொல்லிவிட்டே கிளம்புங்கள்.