இருக்கச் சொல்லிக் கொடுத்த இடத்தை ‘எங்களுடையது’ என்றால் என்ன செய்வது?

பூம்பாறை, மன்னவனூர் பக்கம் பூண்டுத் தோட்டத்தில் காட்டுமாடு இறங்காமல் பார்த்துக்கொள்ள, தாத்தா ஒரு குடும்பத்தை மூலையில் குடிசை போட்டு இருக்கச் சொல்லியிருப்பார். எல்லாம் வாய்வார்த்தைதான். தாத்தா காலமான பிறகு பேரன் சர்வேயரைக் கூட்டிப் போனால், “முப்பது வருஷமா நாங்கதான் அனுபவிக்கிறோம், இது எங்க இடம்” என்று பதில் வரும். பயந்துபோய்ப் பாதியை எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

படி 1: எப்படி உள்ளே வந்தார்?
1963-ஆம் வருட காலவரையறைச் சட்டம், 65-வது கூறு: தனியார் நிலத்தில் 12 வருடம் எதிரிடையாக, அதாவது உரிமையாளரின் உரிமையை மறுத்து, அனுபவித்தால்தான் பாத்தியம். உரிமையாளர் சொல்லி இருந்தவருக்கு அது அனுமதி அனுபவம். வருடம் எத்தனை ஆனாலும், அது மட்டுமே எதிரிடை ஆகிவிடாது. எந்தத் தேதியிலிருந்து, உரிமையாளருக்குத் தெரிய, வெளிப்படையாக அனுபவித்தார் என்பதை அவர்தான் நிரூபிக்க வேண்டும். கர்நாடக வக்ஃபு வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004-இல் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

படி 2: அனுமதிக்குச் சாட்சி தேடுங்கள்
இதில்தான் வழக்கு நிற்கும். மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, கிஸ்தி ரசீது, அடங்கல் எல்லாவற்றையும் எடுங்கள். பட்டா மட்டும் போதாது. அப்புறம் பரண்மேல் ஏறுங்கள். தாத்தாவின் கணக்கு நோட்டில் குடிசைக்காரர் பெயருக்கு நேரே காவல் கூலி எழுதியிருக்கிறதா? குடிசைக்கு மின் இணைப்பு வாங்கத் தாத்தா ஒப்புதல் கடிதம் கொடுத்திருந்தால், அதன் நகல் தங்கம். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர்கள் நல்லபடியாக இருக்கும்போதே பேசி வையுங்கள்.

படி 3: மறுத்த தேதி
எப்போது முதல்முறையாக ‘என் நிலம்’ என்றார்? வேலி போட்டாரா, தன் பெயரில் பட்டா கேட்டாரா? அந்த நாளிலிருந்து 12 வருடக் கணக்கு ஓடத் தொடங்கலாம்.

படி 4: நோட்டீஸ், வழக்கு
அனுமதியை ரத்து செய்து வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்புங்கள். நோட்டீஸால் கணக்கு நிற்காது, வழக்குப் போட்டால்தான் நிற்கும். உரிமையை விளம்புகை செய்யவும் (நிலம் உங்களுடையது என்று நீதிமன்றம் அறிவிக்கவும்), சுவாதீனத்தை (நிலத்தின் கைவசத்தை) மீட்கவும் சேர்த்தே கேளுங்கள்.

அவர் பக்கமும் பார்க்க வேண்டும். அனுமதியை நம்பித் தன் காசில் நிரந்தரக் கட்டடம் எழுப்பியிருந்தால், 1882 வசதியுரிமைச் சட்டம் 60-வது பிரிவின்படி அனுமதியை ரத்து செய்வது கடினம். விவசாயத் தொழிலாளியின் குடிசை என்றால், தமிழ்நாட்டின் 1971 குடியிருப்புச் சட்டத்தையும் வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆள் வைத்து குடிசையைப் பிரிப்பது, தண்ணீர்க் குழாயை வெட்டுவது மட்டும் வேண்டாம். பலவந்தமாக வெளியேற்றினால், ஆறு மாதத்துக்குள் அவர் குறித்த பரிகாரச் சட்டம் 6-வது பிரிவில் வழக்குப் போடலாம். அங்கே நிலம் யாருடையது என்ற கேள்வியே எழாது.