மாற்று இயங்குதளம் ஏற்கும் கைபேசியைக் குறைந்த செலவில் தேர்ந்தெடுப்பது எப்படி?

திரையும் பேட்டரியும் நன்றாக இருக்கும்போதே ஒரு கைபேசியைக் கைவிட நேர்வதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: தயாரித்த நிறுவனம் அதற்கான புதுப்பிப்புகளை நிறுத்திவிடுகிறது. லினியேஜ்ஓஎஸ் போன்ற மாற்று இயங்குதளங்கள் அத்தகைய கைபேசிகளுக்கு மேலும் சில ஆண்டுகள் ஆயுள் தருகின்றன. கூகுளின் சேவைகளைச் சாராமல் இருக்க விரும்புவோருக்கும் வழி திறக்கின்றன. ஆனால் எல்லாக் கைபேசிகளும் இவற்றை ஏற்பதில்லை. கைபேசியை முதலில் வாங்கிவிட்டு, அதற்கு எந்த இயங்குதளம் கிடைக்கும் என்று பின்னர் தேடுவோர் பெரும்பாலும் ஏமாற்றமே அடைகிறார்கள். ஆகவே இங்கே சொல்லப்படும் வரிசை வழக்கமானதற்கு நேர்மாறானது.

படி 1: இயங்குதளத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

ஆண்ட்ராய்டை மாற்றியமைத்து வழங்கிய சயனோஜென்மாட் திட்டம் 2016இன் இறுதியில் நின்றபோது அதன் தொடர்ச்சியாக உருவானது லினியேஜ்ஓஎஸ். பல நிறுவனங்களின் கைபேசிகளில் இயங்குவதால் விலை குறைந்த கைபேசி தேடுபவருக்கு அதிகத் தெரிவுகள் தருவது இதுவே. இதை அடிப்படையாகக் கொண்ட ஈ ஓஎஸ், கூகுள் சேவைகளுக்குப் பதிலாக மைக்ரோஜி என்னும் திறமூலக் கூறினைச் சேர்த்தே வருவதால், தொடக்கநிலையாளர் தனியாக எதையும் இணைக்க வேண்டியதில்லை. பாதுகாப்பே முதன்மை என்று கருதுவோர் நாடுவது கிராஃபீன்ஓஎஸ். இன்றைய நிலையில் அது கூகுளின் பிக்சல் கைபேசிகளில் மட்டுமே நிறுவத்தக்கது. முரணாகத் தோன்றினாலும், கூகுளை விலக்க விரும்புவோர் கூகுளின் கைபேசியையே வாங்க வேண்டியிருக்கிறது. அந்தத் திட்டம் எதிர்பார்க்கும் வன்பொருள் பாதுகாப்பு அதில் இருப்பதே காரணம்.

ஆண்ட்ராய்டு பயனர் சூழலையே விட்டு விலகும் இயங்குதளங்களும் உள்ளன. கனோனிக்கல் நிறுவனம் 2017இல் கைவிட்ட உபுண்டு டச்சை யூபிபோர்ட்ஸ் தன்னார்வலர்கள் வளர்த்துவருகிறார்கள்; அல்பைன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ். கற்றுக்கொள்ள இவை அருமையானவை. எனினும் பல கைபேசிகளில் கேமராவோ அழைப்போ முழுமையாக இயங்காது என்பதால், இவற்றை இரண்டாவது கைபேசியில் வைத்துப் பழகுவதே நல்லது என்பது என் கருத்து. அன்றாடப் பயன்பாட்டுக்கு ஆண்ட்ராய்டு வழிவந்த முதல் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

படி 2: ஆதரவுப் பட்டியலைக் குறிப்பெயருடன் வாசியுங்கள்

ஒவ்வொரு திட்டத்தின் இணையதளத்திலும் ஆதரிக்கப்படும் கைபேசிகளின் பட்டியல் இருக்கும். அதில் விற்பனைப் பெயருடன், தயாரிப்பாளர் உள்ளுக்குள் வழங்கும் குறிப்பெயரும் தரப்பட்டிருக்கும். பிக்சல் 6ஏ கைபேசிக்கு ‘ப்ளூஜே’ என்றும் பிக்சல் 7ஏ கைபேசிக்கு ‘லின்க்ஸ்’ என்றும் பெயர். நீங்கள் ஒப்பிட வேண்டியது இந்தக் குறிப்பெயரையே. ஏனெனில் விற்பனைப் பெயர்கள் எளிதில் ஏமாற்றிவிடும். ரெட்மி நோட் 8, ரெட்மி நோட் 8 ப்ரோ ஆகிய இரண்டும் ஒரே கைபேசியின் சிறிய, பெரிய வடிவங்கள் போலத் தோன்றும். உண்மையில் முன்னதில் இருப்பது ஸ்னாப்டிராகன் சிப், பின்னதில் இருப்பது மீடியாடெக் சிப். ஒன்றுக்கென உருவாக்கிய இயங்குதளக் கோப்பு மற்றதில் இயங்காது. சாம்சங்கின் சில வரிசைகளில் ஒரே பெயருள்ள கைபேசி நாட்டுக்கு நாடு வேறு சிப்புடன் விற்கப்படுவதால், பெட்டியிலும் அமைப்புகளிலும் உள்ள மாடல் எண்ணையும் சரிபார்ப்பது அவசியம்.

பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. அந்தக் கைபேசிக்கான கடைசிக் கோப்பு எந்தத் தேதியில் வெளியானது, அதற்குப் பொறுப்பான பராமரிப்பாளர் இப்போதும் இருக்கிறாரா என்று பாருங்கள். இவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். ஒருவர் விலகினால் அந்தக் கைபேசிக்கான ஆதரவும் நின்றுவிடக்கூடும். அதிகாரப்பூர்வமற்ற கோப்புகளைத் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள். நிறுவும் முறையை விளக்கும் பக்கத்தை வாங்கும் முன்னரே முழுவதும் படித்துவிட வேண்டும். பாதி வழியில் புரியாமல் போகுமானால், அந்தக் கைபேசி உங்களுக்கு ஏற்றதன்று.

படி 3: பூட்லோடர் திறக்குமா என்று உறுதிசெய்யுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டுமே நினைவில் கொள்ள முடியுமென்றால் இதைக் கொள்ளுங்கள். கைபேசியை இயக்கியதும் முதலில் ஓடி, எந்த இயங்குதளத்தைத் தொடங்க அனுமதிக்கலாம் என்று முடிவு செய்யும் சிறு நிரலே பூட்லோடர். பொதுவாக அது பூட்டப்பட்டே விற்பனைக்கு வருகிறது. தயாரிப்பாளர் கையொப்பமிட்ட மென்பொருளைத் தவிர வேறொன்றையும் அது ஏற்காது. பூட்டைத் திறக்க வழியில்லாத கைபேசியில் வேறு எந்தத் தகுதி இருந்தும் பயனில்லை.

நிறுவனங்களின் கொள்கைகள் இதில் வெகுவாக வேறுபடுகின்றன. பிக்சல், ஃபேர்போன் ஆகியவற்றில் திறப்பது எளிது. மோட்டோரோலாவின் பல மாடல்களுக்கு நிறுவனத்தின் இணையதளத்தில் விண்ணப்பித்துக் குறியீடு பெறலாம். ஷாவ்மி கைபேசிகளில் கணக்கை இணைத்துவிட்டு, பல நாட்கள் காத்திருக்க வேண்டும். அந்த நிறுவனத்தின் புதிய இயங்குதளமான ஹைப்பர்ஓஎஸ் வந்த பின் நிபந்தனைகள் மேலும் கடுமையாகியுள்ளன. ஹுவாவே 2018இலேயே திறப்புக் குறியீடு வழங்குவதை நிறுத்திவிட்டது. பூட்லோடரைத் திறக்க முடிகிற சாம்சங் மாடல்களில் மாற்று மென்பொருளை நிறுவினால் நாக்ஸ் என்னும் பாதுகாப்பு அமைப்பின் மின்உருகி நிரந்தரமாக முறிகிறது. பிறகு மூல மென்பொருளுக்குத் திரும்பினாலும் அதைச் சார்ந்த சில வசதிகள் மீள்வதில்லை.

நிறுவனம் அனுமதித்தாலும், தொலைத்தொடர்பு நிறுவனம் வழியே விற்கப்பட்ட அதே மாடல் பூட்டியே கிடக்கலாம். ஆகவே பயன்படுத்திய கைபேசியை வாங்கும்போது, குறிப்பிட்ட அந்தக் கைபேசியையே சோதிக்க வேண்டும். அமைப்புகளில் ‘கைபேசி பற்றி’ என்னும் பகுதிக்குச் சென்று பில்டு எண்ணை 7 முறை தொட்டால் டெவலப்பர் விருப்பங்கள் தோன்றும். அதனுள், பூட்லோடரைத் திறக்க அனுமதிக்கும் ஓஈஎம் அன்லாக்கிங் என்னும் சொடுக்கி இயங்க வேண்டும். அது மங்கலாக இருந்தால் இணையத்துடன் இணைத்து மீண்டும் பாருங்கள். அப்போதும் மங்கலாகவே இருந்தால் வாங்காதீர்கள். விற்பவர் என்ன உறுதி சொன்னாலும் சரி.

படி 4: எத்தனை ஆண்டு உழைக்கும் என்று கணக்கிடுங்கள்

மாற்று இயங்குதளம் நிறுவினால் தயாரிப்பாளரின் புதுப்பிப்புகள் தேவையில்லை என்று பலர் எண்ணுகிறார்கள். இது பாதி உண்மைதான். சிப், மோடம் போன்றவற்றை இயக்கும் ஃபர்ம்வேர் மூடப்பட்ட மென்பொருள். அதிலுள்ள ஓட்டைகளைத் தன்னார்வலர்களால் அடைக்க முடியாது. எனவே தயாரிப்பாளரின் ஆதரவு இன்னும் சில ஆண்டுகள் மிஞ்சியிருக்கும் மாடலே சிறந்தது. பிக்சல் 8 முதலான வரிசைக்குக் கூகுள் 7 ஆண்டுப் புதுப்பிப்புகளை உறுதியளித்துள்ளது. 2024 மே மாதம் வெளிவந்த பிக்சல் 8ஏ அதனால் 2031 வரை பாதுகாப்பாக இருக்கும். வெளியாகி இரண்டு மூன்று ஆண்டுகள் ஆன, பயன்படுத்திய நடுத்தர விலைக் கைபேசியை நான் பரிந்துரைப்பது இதனால்தான்: விலை சரிந்திருக்கும், ஆதரவு மிஞ்சியிருக்கும், தன்னார்வலர்களும் அதற்குள் பெரும்பாலான பிழைகளைக் களைந்திருப்பார்கள்.

வன்பொருளில் முதலில் தேய்வது பேட்டரி. ஃபேர்போனில் அதை எளிதாகக் கழற்றி மாற்றலாம். மற்ற பெரும்பாலானவற்றில் பசையை இளக்கித் திறக்க வேண்டும் என்பதால், உதிரி பேட்டரியும் திரையும் எளிதாகக் கிடைக்கின்றனவா என்று முன்பே தேடிப் பாருங்கள். மாடலின் வரலாற்றையும் கேட்டறிய வேண்டும்: பிக்சல் 6ஏ கைபேசிகளில் பேட்டரி அதிகம் சூடாகும் அபாயம் தெரிந்ததும், 400 சார்ஜ் சுழற்சிகளுக்குப் பின் கொள்ளளவைக் குறைக்கும் புதுப்பிப்பைக் கூகுள் 2025இல் வெளியிட்டது. ஐபி67 என்றால் தூசு புகாது, 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும் என்பது பொருள். ஆனால் ஒருமுறை திறந்து பழுதுபார்த்த கைபேசியில் அந்த எண்ணை நம்பக் கூடாது. நினைவகம் 6 ஜிபி, சேமிப்பகம் 128 ஜிபி இருந்தால் போதுமானது.

படி 5: உங்கள் செயலிகளையும் வலையமைப்பையும் பாருங்கள்

பூட்லோடர் திறந்திருப்பதையோ இயங்குதளம் கூகுளின் சான்று பெறாததையோ ப்ளே இன்டெக்ரிட்டி என்னும் சோதனை வழியே கண்டறிந்து, சில வங்கிச் செயலிகள் இயங்க மறுக்கும். நீங்கள் அன்றாடம் சார்ந்திருக்கும் செயலிகளின் பெயர்களை எழுதிக்கொண்டு, அதே இயங்குதளத்தைப் பயன்படுத்துவோரின் அனுபவத்தைத் தேடுங்கள். பழைய 2ஜி, 3ஜி வலையமைப்புகள் மூடப்படும் இடங்களில் 4ஜி வழியே குரல் அழைப்பைக் கொண்டுசெல்லும் வோல்ட்டி இல்லாமல் அழைக்கவே முடியாது. அது உங்கள் தேர்வில் இயங்குமா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

படி 6: கைக்கு வந்ததும்

முந்தைய உரிமையாளரின் கூகுள் கணக்கு நீக்கப்பட்டிருக்க வேண்டும். *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு கைபேசிக்கும் உரிய தனி அடையாள எண்) பெட்டியில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். யூஎஸ்பி துளையில் சார்ஜ் ஏறுவதோடு நிறுத்தாமல், கணினியுடன் இணைத்து ஒரு கோப்பை நகலெடுத்துப் பாருங்கள். தரவுத் தொடர்பு பழுதான துளை வழியே புதிய இயங்குதளத்தை நிறுவ முடியாது. பின்னர் சில நாட்கள் மூல மென்பொருளிலேயே அழைப்பு, கேமரா, ஜிபிஎஸ், கைரேகை உணரி எல்லாவற்றையும் சோதியுங்கள். குறை தெரிந்தால் திருப்பிக் கொடுக்கும் வாய்ப்பு அப்போதுதான் இருக்கும். எல்லாம் சரியாக இருந்தால், நிறுவும் பக்கம் கேட்கும் ஃபர்ம்வேர் பதிப்புக்குக் கைபேசியைப் புதுப்பித்து, தரவுகளை வேறிடத்தில் நகலெடுத்து வைத்த பின்னரே பூட்லோடரைத் திறவுங்கள். திறக்கும் கணத்தில் கைபேசியில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும்.