நரி, கொக்கு, ஒரு தட்டு, ஒரு பாட்டில்: வகுப்பறையில் ஒரு கதை விளையாட்டு

நரி கொக்கை விருந்துக்குக் கூப்பிட்டுத் தட்டில் பாயசம் ஊற்றி வைத்த கதை தெரியாத பிள்ளை இல்லை. பதிலுக்குக் கொக்கு, வாய் குறுகிய ஜாடியில் வைத்துப் பழிவாங்கும். எனக்கென்னவோ, பழிவாங்கும் இடத்துக்குப் போகாமல் நிறுத்தினால்தான் இந்தக் கதையில் சத்து இருக்கிறது. இரண்டாம், மூன்றாம் வகுப்புக்கு ஒரு பீரியட் போதும்.

தேவையானவை: எவர்சில்வர் தட்டு, வாய் குறுகிய பிளாஸ்டிக் பாட்டில், ஒரு பிடி பொரி, தண்ணீர், பென்சில்கள், தரை துடைக்கத் துணி. துணியை மறக்காதீர்கள்.

படி 1: பாதியில் நிறுத்துங்கள். நரி சளக் சளக்கென்று குடிக்கிறது. கொக்கு தட்டைக் கொத்திக்கொண்டு நிற்கிறது. அங்கேயே நிறுத்துங்கள். "கொக்கு பாவம்தானே?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "ஆமாம் டீச்சர்" என்று ராகம் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள்.

படி 2: அலகு கொடுங்கள். தட்டில் மெல்லியதாகத் தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டு பென்சில்தான் அலகு. அதைக் கொண்டு தண்ணீரை எடுக்கச் சொல்லுங்கள். முதலில் சிரிப்பு, அப்புறம் எரிச்சல், கடைசியில் ஒரு குரல்: "இதுல எடுக்கவே முடியாது டீச்சர்!" இந்தக் குரலுக்காகத்தான் இவ்வளவும். அடுத்து பாட்டிலில் பொரி. இப்போது மூடிய கைதான் நரியின் வாய். கை உள்ளே போகாது. பென்சில் அலகுக்கு இரண்டு பொரியாவது சிக்கும்.

படி 3: கேள்வி. "தப்பு கொக்கின் அலகிலா, தட்டிலா?" பதிலை நீங்கள் சொல்ல வேண்டாம், அடித்துக்கொள்ளட்டும். பிறகு, இருவருக்கும் ஒத்துவரும் விருந்தை ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள். இரண்டு பாத்திரம் வைப்பவர்களும் உண்டு, ஒரே பெரிய அண்டா வைப்பவர்களும் உண்டு. எனக்கு அண்டாக் கட்சியைப் பிடிக்கும்.

படி 4: நம் வகுப்புக்கு வாருங்கள். "இங்கே யாருக்காவது தட்டு மாதிரி எது இருக்கிறது?" என்று கேளுங்கள். கடைசி பெஞ்சுக்குத் தெரியாத போர்டு, குள்ளமான பிள்ளைக்கு எட்டாத தண்ணீர்க் குழாய் என்று வரிசையாக வரும்.

ஒரு எச்சரிக்கை. முதல் தடவை நான், காது சரியாகக் கேட்காத ஒரு மாணவனைக் காட்டி "நம்ம இவன் மாதிரி" என்று உதாரணம் சொல்லிவிட்டேன். அவன் பீரியட் முடியும்வரை தலையை நிமிர்த்தவில்லை. யாரையும் சுட்டாதீர்கள். குழாயைச் சொல்லுங்கள், போர்டைச் சொல்லுங்கள். மாற்றுத்திறன் உள்ள பிள்ளைக்குத் தேவையான வசதியைப் பள்ளி செய்துதர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டமே சொல்கிறது. அதனால் இது தயவு காட்டும் விஷயமும் இல்லை.

படி 5: ஒன்றையாவது மாற்றுங்கள். பிள்ளைகள் சொன்னதில் மறுநாளே செய்ய முடிந்ததை எடுங்கள். எங்கள் வகுப்பில் அது பெஞ்சு. இடக்கையால் எழுதும் பெண் பக்கத்துப் பிள்ளையோடு முழங்கை இடித்துக்கொண்டே இருந்தாள். அவளை பெஞ்சின் இடது ஓரத்துக்கு மாற்றினோம். ஒரு நிமிட வேலை.