தொலைதூரக் காதலில் இருந்து நிச்சயதார்த்தம் வரை

வேறு நாட்டில் இருந்த என் காதலிக்கு விடியும்போது எனக்குத் தூக்கம் சொக்கும்; அப்படி ஒரு நேர வித்தியாசம் எங்களுக்கு. நிச்சயம் பற்றி யோசிக்கிறீர்களா? யார் இடம் மாறுவது என்பதை முதலில் பேசி முடியுங்கள். வேலை, விசா, கடன், பெற்றோர் எல்லாம் அந்தப் பேச்சில்தான் வெளியே வரும். வீடியோ காலில் வேண்டாம், நேரில்.

சந்திக்கும்போது ஊர் சுற்றிக்கொண்டே இருக்காதீர்கள். துணி துவைத்து, கடைக்குப் போய், அலுப்போடு சில நாள் சேர்ந்து இருங்கள். காலையில் அவள் யாரோடும் பேசமாட்டாள் என்பது போனில் எனக்குத் தெரியவே இல்லை!

சரி, மோதிரம். அந்த விரலில் ஏற்கெனவே போடும் மோதிரத்தின் உள்விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். விரல் வெயிலில் சற்று வீங்கும், குளிரில் சுருங்கும். விரலில் நூல் சுற்றி எடுக்கும் அளவை நான் நம்புவதில்லை. விமானத்தில் போனால் மோதிரம் கைப்பையில் இருக்கட்டும், செக்-இன் பெட்டியில் வேண்டாம்.