தோற்ற கட்சி தலைவரைத் தேடும்போது சறுக்கும் இடங்கள்

ஓட்டு எண்ணிக்கை முடிந்த மறுநாள் காலை ராயபுரம் கல்மண்டபம் பக்கம் போனால், யார் தோற்றார்கள் என்று பேப்பர் பார்க்காமலே சொல்லிவிடலாம். தோற்ற கட்சியின் மன்றத்தில் பூட்டு தொங்கும். வாடகை நாற்காலிகளை எண்ணி எண்ணிக் குட்டி யானையில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். மூன்றாம் நாள் சுவரில் போஸ்டர் வந்துவிடும்: ‘தலைமை ஏற்க வாருங்கள்!’ பசை காயாத அந்தப் போஸ்டரில் அழைக்கப்படுபவரின் படம் ஒன்று இருக்கும். அழைப்பவரின் படம் அதைவிடக் கொஞ்சம்தான் சின்னது.

ஏன் தோற்றோம் என்று தெரிவதற்கு முன்பே அடுத்து யார் என்று பேசுவதுதான் எல்லாக் கட்சியும் செய்கிற தவறு. தேர்தல் முடிந்தபின் படிவம் 20 வெளியாகும். வாக்குச்சாவடி வாரியாக யாருக்கு எத்தனை ஓட்டு என்று அதில் இருக்கும். கொருக்குப்பேட்டையில் ஒரு வட்டத்துக்கு (வார்டுக்கு) மட்டும் அதை எடுத்து, போன தேர்தல் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாக்காளர் பட்டியலின் பாகம் எண் மாறியிருக்கலாம், பள்ளிக்கூடத்தின் பெயரை வைத்துப் பொருத்திக்கொள்ளுங்கள். ஒரு சாவடியில் நம் ஓட்டு எதிர்க்கட்சிக்குப் போயிருக்கும். இன்னொன்றில் மொத்தப் பதிவே குறைந்திருக்கும். குடிசைகளை எடுத்துப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள், ஆனால் பெயர் இன்னும் இங்கேதான் இருக்கிறது. ஒரு ஓட்டுக்காக ஊரின் அந்தக் கோடியிலிருந்து பஸ் மாறி யார் வருவார்கள்? மூன்றாவதில் மதியச் சாப்பாட்டுக்குப் போன நம் பூத் ஏஜென்ட் திரும்பி வரவே இல்லை. முதல் சாவடிக்கு வேண்டுமானால் புதுத் தலைவர் பயன்படுவார். மற்ற இரண்டுக்கும் வேலை வேறு.

சரி, இந்தக் கணக்கெல்லாம் பார்க்க நேரம் வேண்டுமே, அதுவரை நாற்காலி காலியாக இருக்கலாமா? நாற்காலி காலியாக இருப்பது அப்படியொன்றும் பெரிய ஆபத்து இல்லை. இதே ராயபுரம் ராபின்சன் பூங்காவில் 1949-ல் தொடங்கிய திமுக, தலைவர் நாற்காலியைப் பெரியாருக்காகக் காலியாக விட்டுத்தான் வளர்ந்தது. கையெழுத்துப் போடப் பொதுச்செயலாளராக அண்ணா இருந்தார். பிரிட்டனில் 2005 மே மாதம் தோற்ற கன்சர்வேட்டிவ் தலைவர் மைக்கேல் ஹோவர்ட், விலகுவதாகச் சொல்லிவிட்டு டிசம்பர் வரை பொறுப்பில் இருந்தார். அந்த இடைவெளியில்தான் டேவிட் கேமரூன் மேலே வந்தார். ஆனால் இதற்கும் ஒரு கெடு வேண்டும். 2019 தோல்விக்குப் பின் ராகுல் காந்தி விலக, காங்கிரஸ் கார்கேயைத் தேர்ந்தெடுத்தது 2022 அக்டோபரில். மூன்று வருஷத்துக்கு மேல் இடைக்காலம் என்றால் அதற்கு வேறு பெயர்தான் வைக்க வேண்டும்.

இரண்டு பேரும் வேண்டும் என்று இரண்டு நாற்காலி போடுவது இதைவிட மோசம். அதிமுகவில் 2017 முதல் ஒருங்கிணைப்பாளர் ஓபிஎஸ், இணை ஒருங்கிணைப்பாளர் இபிஎஸ். ஆட்சி இருந்தவரை வண்டி ஓடியது. 2021-ல் தோற்றபோதே உட்கார்ந்து பேசித் தீர்த்திருக்கலாம். தள்ளிப்போட்டார்கள். 2022 ஜூலையில் உள்ளாட்சி இடைத்தேர்தல் வந்தபோது கட்சிச் சின்னம் கிடைக்கக் கொடுக்கும் ஏ, பி படிவங்களில் போட வேண்டிய இரண்டு கையெழுத்தும் சேரவில்லை, வேட்பாளர்கள் இரட்டை இலை இல்லாமல் சுயேச்சையாக நின்றார்கள். அதே மாதம் 11-ம் தேதி ஒரு பக்கம் பொதுக்குழு, இன்னொரு பக்கம் ராயப்பேட்டை தலைமை அலுவலகத்தில் மோதல், கடைசியில் அலுவலகத்துக்கே சீல். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2023 பிப்ரவரியில்தான் பொதுக்குழு செல்லும் என்று தீர்ப்பு வந்தது.

சண்டை முற்றினால் சின்னம் முடங்கும் என்பதை ஆர்.கே. நகர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2017 ஏப்ரல் இடைத்தேர்தலில் அதிமுகவின் இரட்டை இலை முடங்கி, தினகரன் அணிக்குத் தொப்பி, ஓபிஎஸ் அணிக்கு இரட்டை மின்கம்பம். பணப் பட்டுவாடா புகாரில் அந்தத் தேர்தலே ரத்தானது. டிசம்பரில் மறுபடி நடந்தபோது இலை திரும்பி வந்திருந்தது, ஆனால் ஜெயித்தது 40,707 ஓட்டு வித்தியாசத்தில் தினகரனின் குக்கர். சின்னத்தை மீட்டால் ஓட்டும் தானாகப் பின்னால் வரும் என்று நினைத்தவர்கள் தண்டையார்பேட்டையில் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

யார் ஓட்டுப்போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது என்பதை, பெயர்கள் அடிபடுவதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள். பிரிட்டனில் 2001 கன்சர்வேட்டிவ் தலைவர் தேர்தலில் இயன் டங்கன் ஸ்மித்துக்குக் கடைசிச் சுற்றில் 166 எம்.பி.க்களில் 54 பேர்தான் ஆதரவு. உறுப்பினர்கள் ஓட்டில் சுலபமாக ஜெயித்தார். 2003-ல் அந்த எம்.பி.க்களே அவரை இறக்கிவிட்டார்கள், ஒரு பொதுத்தேர்தலைக்கூட அவர் சந்திக்கவில்லை. தினமும் கூட வேலை செய்பவர்களின் மனசையும் கேட்டுக்கொள்வது நல்லது. சட்டமன்றக் கட்சித் தலைவர் வேறு, கட்சித் தலைவர் வேறு என்பதையும் மறந்துவிடக் கூடாது. சபையில் நன்றாகப் பேசுகிறவருக்கு வியாசர்பாடி சந்துக்குள் வழி தெரியும் என்று சொல்ல முடியாது.

அப்புறம் இந்த நீக்கல் பட்டியல். புதுத் தலைவர் வந்ததும், தோற்ற ஆத்திரத்தில் வட்டச் செயலாளரையும் பகுதிச் செயலாளரையும் ஒரே அறிக்கையில் தூக்குவார்கள். தூக்க வேண்டியவர்களும் அதில் இருப்பார்கள்தான். ஆனால் காசிமேட்டில் எந்த வீட்டில் எத்தனை ஓட்டு, யார் கடலுக்குப் போயிருக்கிறார், எந்தப் பாட்டியை ஆட்டோ வைத்து அழைத்து வர வேண்டும் என்பதெல்லாம் அந்த ஆளின் நாற்பது பக்க நோட்டில்தான் இருக்கும். அட்டை கிழிந்து ரப்பர் பேண்ட் போட்ட நோட்டு. போகும்போது அதை யாரும் கட்சி அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டுப் போவதில்லை.