ஹாட்ரிக்: சீசன் முடிந்ததும் அணியின் கணக்கைப் பார்ப்பது எப்படி?

ஹாட்ரிக் என்ற இணையக் கால்பந்து ஆட்டத்தில் பதினான்காவது சுற்று முடிந்துவிட்டது. லீக் பட்டியலில் என் அணி 4-ஆம் இடம். 6 வெற்றி, 3 சமநிலை, 5 தோல்வி, 21 புள்ளிகள். போன சீசனிலும் இதே 4-ஆம் இடம்தான். பட்டியலை மட்டும் பார்த்தால் நான்கு மாத உழைப்பில் எதுவுமே நகரவில்லை என்றுதான் தோன்றும். நோட்டை எடுத்து ஒவ்வொரு மேட்சாக எழுதிப் பார்த்த பிறகுதான், போன சீசனின் நான்காம் இடமும் இந்த சீசனின் நான்காம் இடமும் வேறு வேறு என்று புரிந்தது. அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்பதைப் புதிதாக ஆடத் தொடங்கியவர்களுக்காக இங்கே விளக்குகிறேன்.

ஹாட்ரிக் 1997-இல் ஸ்வீடனில் தொடங்கிய இணைய ஆட்டம். பந்தை நாம் உதைப்பதில்லை. ஒரு கிளப்பை நடத்துகிறோம்: யார் ஆடுவது, எந்தத் திறனுக்குப் பயிற்சி, யாரை விற்பது, யாரை வாங்குவது எல்லாம் நம் கையில். ஒரு லீக்கில் 8 அணிகள், 14 சுற்றுகள். சீசன் மொத்தம் 16 வாரம். பதினைந்தாவது வாரம் மேலே ஏறுவதற்கும் கீழே இறங்காமல் தப்பிப்பதற்குமான தகுதிப் போட்டிகள் நடக்கும். பதினாறாவது வாரம் லீக் ஓய்வு. நான்காம் இடத்தில் முடித்தவருக்கு இரண்டு வார இறுதிகளும் காலி. கணக்குப் பார்க்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. அடுத்த சீசன் தொடங்கிவிட்டால் யாருக்கும் பின்னால் திரும்பிப் பார்க்க மனம் வராது.

படி 1: பதினான்கு வரிகள்

ஒரு நோட்டோ எக்செல் தாளோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு லீக் மேட்சுக்கும் ஒரு வரி. சுற்று எண், எதிரணி, சொந்த மைதானமா வெளியூரா, கோல் கணக்கு. அதன் பக்கத்தில் இரண்டு அணிகளின் ரேட்டிங்குகள்.

மேட்ச் அறிக்கையில் ஒவ்வொரு அணிக்கும் ஏழு முக்கிய ரேட்டிங்குகள் இருக்கும்: நடுக்களம் ஒன்று, தடுப்பு மூன்று (வலது, மையம், இடது), தாக்குதல் மூன்று. இவை "வீக்", "பாஸபிள்", "சாலிட்" என்று சொற்களாக இருப்பதால் புதியவர்களுக்கு ஒப்பிட வராது. எண்ணாக மாற்றிக்கொள்ளுங்கள். அடிமட்டமான டிசாஸ்ட்ரஸ் 1, அதிலிருந்து ரெச்சட் 2, புவர் 3, வீக் 4, இன்அடிக்வேட் 5, பாஸபிள் 6, சாலிட் 7, எக்ஸலண்ட் 8 என்று மேலே போகும். ஒவ்வொன்றுக்குள்ளும் நான்கு உட்படிகள் உண்டு: மிகக் குறைவு, குறைவு, அதிகம், மிக அதிகம். படிக்குக் கால் புள்ளி. அதாவது "பாஸபிள், அதிகம்" என்றால் 6.5.

ஃபாக்ஸ்ட்ரிக் என்ற உலாவி நீட்சி இந்த எண்களைத் தானாகவே காட்டும். ஹெச்.ஓ. என்கிற ஹாட்ரிக் ஆர்கனைசரைக் கணினியில் நிறுவினால் முழு வரலாற்றையும் சேமித்து வைக்கும். இரண்டும் இலவசம். இருந்தாலும் முதல் முறை கையால் எழுதச் சொல்வேன். பதினான்கு வரிதானே, ஒரு மாலை நேரம் போதும். எழுதும்போதே பாதி விஷயம் கண்ணில் பட்டுவிடும்.

படி 2: நடுக்களத்தை வைத்துப் பிரியுங்கள்

இதுதான் மொத்தத்தில் முக்கியமான படி, நிதானமாகச் செய்யுங்கள்.

இந்த ஆட்டத்தில் கோல் வாய்ப்புகள் யாருக்குக் கிடைக்கும் என்பதை நடுக்களம் தீர்மானிக்கிறது. கிடைத்த வாய்ப்பு கோலாகுமா என்பதை உங்கள் தாக்குதலும் எதிரணியின் தடுப்பும் தீர்மானிக்கின்றன. பந்து 55 சதவீத நேரம் உங்களிடம் இருந்தால் வாய்ப்பிலும் 55 சதவீதம் வரும் என்று நினைக்காதீர்கள். நடுக்களத்தில் கொஞ்சம் முந்தினாலே வாய்ப்புகளில் அதைவிடப் பெரிய பங்கு கிடைக்கும்.

ஆகவே பதினான்கு வரிகளையும் இரண்டு கட்டாகப் பிரியுங்கள். நம் நடுக்களம் எதிரணியைவிட மேலே இருந்த மேட்சுகள் ஒரு பக்கம், கீழே இருந்தவை மறுபக்கம். என் கணக்கு இப்படி வந்தது:

மேலே இருந்தவை 7: 4 வெற்றி, 1 சமநிலை, 2 தோல்வி.
கீழே இருந்தவை 7: 2 வெற்றி, 2 சமநிலை, 3 தோல்வி.

கீழே இருந்தும் ஜெயித்த அந்த இரண்டு மேட்சுகளும் சந்தோஷம் தரும். ஆனால் அவற்றை வைத்துத் திட்டம் போடக் கூடாது, அடுத்த சீசனில் அதே புள்ளிகள் வரும் என்று நம்ப முடியாது. கவுன்டர் அட்டாக் என்ற உத்தியைத் தெரிந்தே வைத்து ஜெயித்திருந்தால் அது வேறு. நடுக்களத்தில் பின்தங்கிய அணிக்குத்தான் அந்த உத்தி வேலை செய்யும்.

உண்மையில் படிக்க வேண்டியது மேலே இருந்தும் தோற்ற மேட்சுகளை. இவற்றைத்தான் எல்லோரும் "அதிர்ஷ்டம் இல்லை" என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுகிறார்கள். ஒவ்வொன்றையும் திறந்து, நம் தாக்குதலை அவர்களின் தடுப்போடு பொருத்திப் பாருங்கள். நம் இடது தாக்குதல் மோதுவது எதிரணியின் வலது தடுப்போடு. இடதை இடதோடு ஒப்பிடுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. மொத்தக் கணக்கையே அது குழப்பிவிடும்.

என் இரண்டு தோல்விகளில் ஒன்றில் எல்லாப் பகுதிகளிலும் நான்தான் முன்னால் இருந்தேன். 1-2 என்று தோற்றேன். அது அதிர்ஷ்டம்தான், கோடு போட்டு விட்டுவிட்டேன். மற்றது அப்படியில்லை. என் மையத் தாக்குதல் 5.5, அவர்களின் மையத் தடுப்பு 8. பந்து பெரும்பாலும் என்னிடம், வாய்ப்புகளும் எனக்கே. எல்லாம் அந்தச் சுவரில் மோதித் திரும்பின. அப்புறம் மற்ற மேட்சுகளின் மையத் தாக்குதல் வரிசையைக் கீழே வரை பார்த்தேன். ஒரு மேட்சில்கூட 6-ஐத் தாண்டவில்லை. சீசன் முழுக்க இருந்த குறை, ஒரு தோல்வியில்தான் வெளியே தெரிந்திருக்கிறது.

போன சீசனில் என் நடுக்களச் சராசரி 5.25. இந்த சீசனில் 6.25. அப்போது வாய்ப்பே கிடைக்காமல் நான்காவது இடம், இப்போது கிடைத்த வாய்ப்பை முடிக்க ஆளில்லாமல் நான்காவது இடம். பட்டியலில் இரண்டும் ஒரே எண்.

படி 3: அதே எதிரணி, இரண்டு முறை

ஹாட்ரிக் அட்டவணையில் ஒரு வசதி உண்டு. இரண்டாம் பாதி, முதல் பாதியின் தலைகீழ். 1-ஆம் சுற்றில் சந்தித்த அணியையே 14-இல் மறுபடி சந்திப்போம், 2-இல் சந்தித்ததை 13-இல், 7-இல் சந்தித்ததை அடுத்த வாரமே 8-இல். ஆகவே வரிகளை இப்படி இரண்டிரண்டாகச் சேர்த்து எழுதினால், நம் அணி எவ்வளவு வளர்ந்தது, எதிரணி எவ்வளவு வளர்ந்தது என்பது நேராகத் தெரியும். 1-ஆம் சுற்றுக்கும் 14-ஆம் சுற்றுக்கும் நடுவே 13 வாரப் பயிற்சி இருக்கிறதே! சொந்த மைதானத்தில் ஆடும் அணிக்கு நடுக்களம் கொஞ்சம் கூடும் என்பதை மட்டும் கழித்துப் பாருங்கள்.

படி 4: மனநிலையைக் குறித்து வையுங்கள்

ஒவ்வொரு மேட்சுக்கும் முன்னால் மூன்று மனநிலைகளில் ஒன்றைத் தேர்கிறோம்: சாதாரணம், "ப்ளே இட் கூல்", "மேட்ச் ஆஃப் தி சீசன்". கடைசியானது அன்றைக்கு நடுக்களத்தை உயர்த்தும். விலையாக அணியின் உற்சாகம் சரிந்துவிடும். உற்சாகம் சரிந்தால் அடுத்தடுத்த மேட்சுகளில் நடுக்களம் குறையும், பழைய நிலைக்கு வர வாரங்கள் ஆகும். ப்ளே இட் கூல் இதற்கு நேர் எதிர்: இன்றைக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து நாளைக்குச் சேர்த்து வைப்பது.

பதினான்கு வரிகளிலும் எதைத் தேர்ந்தீர்கள் என்று எழுதி, அதன் பின்னால் வந்த மூன்று வரிகளைச் சேர்த்துப் படியுங்கள். நான் 5-ஆம் சுற்றில், முதலிடத்தில் இருந்த அணிக்கு எதிராக மேட்ச் ஆஃப் தி சீசன் வைத்தேன். 1-1. அன்றைக்குப் பெருமையாக இருந்தது. 6, 7, 8 சுற்றுகளில் நடுக்களம் மூன்றிலும் கீழே போய், மொத்தம் ஒரே ஒரு புள்ளி கிடைத்தது. 6-இல் தோற்ற அதே அணியை 9-இல் வென்றேன். சொந்த மைதானம் உதவியது உண்மை. ஆனால் அதற்குள் உற்சாகமும் திரும்பியிருந்தது. ஒரு புள்ளி எடுக்க நான் கொடுத்தது எவ்வளவு என்பது இந்த நான்கு வரிகளைச் சேர்த்து வைத்தபோதுதான் தெரிந்தது. சீசனின் நடுவே புதியவர்கள் இதை வைக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. பின்னால் எந்த லீக் மேட்சும் இல்லாத தகுதிப் போட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: பயிற்சியில் வீணானது எவ்வளவு?

பயிற்சி, வீரர் ஆடும் இடத்தைப் பொறுத்தது. பிளேமேக்கிங் (நடுக்களத்தை நடத்தும் திறன்) பயிற்சி என்றால் மைய நடுக்கள வீரர்கள் மூன்று பேருக்கு முழுப் பலன், விங்கர்களுக்குப் பாதி. ஒரு வீரருக்கு வாரத்துக்கு 90 நிமிடம்தான் கணக்கில் வரும். லீக் மேட்ச் வார இறுதியில், கோப்பை மேட்ச் அல்லது ஃப்ரெண்ட்லி வார நடுவில். ஆகவே லீக்கில் மூன்று பேர், ஃப்ரெண்ட்லியில் வேறு மூன்று பேர் என்று வைத்தால் வாரம் ஆறு பேருக்கு முழுப் பயிற்சி.

இப்போது எண்ணுங்கள். 14 வாரம் ஆறு இடங்கள், அதாவது 84. லீக் இல்லாத கடைசி இரண்டு வாரங்களில் ஃப்ரெண்ட்லி மட்டும், அது ஒரு 6. மொத்தம் 90 இடங்கள். அவற்றில் எத்தனையை நிரப்பினீர்கள்? நான் நிரப்பியது 71. மீதி 19 எங்கே போனது என்று தேடினால், இரண்டு வாரம் ஃப்ரெண்ட்லிக்கு ஆள் பிடிக்க மறந்திருக்கிறேன், பல வாரங்களில் அதே பையன்களை இரண்டு மேட்சிலும் இறக்கியிருக்கிறேன். இவ்வளவு போனது எனக்கு வருத்தம்தான். 17, 18 வயதில் திறன் வேகமாக ஏறும். வயது கூடக் கூட, திறன் உயர உயர, அடுத்த படிக்கு அதிக வாரம் பிடிக்கும். இளம் வீரரின் ஒரு வாரம் போனால் போனதுதான்.

படி 6: வரவு செலவு

இங்கே ஒரே விதி: வீரர்களை விற்று வாங்கிய பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். டிக்கெட் வருமானம், ஸ்பான்சர் பணம் ஒரு பக்கம். சம்பளம், ஸ்டேடியம் பராமரிப்பு, பயிற்சியாளர் குழு, இளைஞர் அகாடமி மறுபக்கம். ஒரு வாரத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள், ஏனென்றால் லீக் மேட்சின் டிக்கெட் பணம் சொந்த மைதானத்து அணிக்கே போகும். சீசனுக்குச் சொந்த மைதான மேட்ச் 7தான், சம்பளமோ 16 வாரமும் போகும். 16 வாரத்தையும் கூட்டி, கழித்து வரும் எண்தான் கிளப்பின் உண்மையான நிலை. அது மைனஸில் இருந்தால், கையிருப்பு எவ்வளவு இருந்தாலும் வீரர்களை விற்றுத்தான் வண்டி ஓடுகிறது.

இன்னொன்று. ஹாட்ரிக்கில் வீரருக்கு ஒரு வயது என்பது 112 நாள், சரியாக ஒரு சீசன். சம்பளம் அவரவர் பிறந்தநாளில்தான் மாற்றி எழுதப்படும். அதனால் பயிற்சி பெற்ற ஒவ்வொருவரின் சம்பளமும் அடுத்த சீசனில் ஒரு தடவை ஏறும். பிறந்தநாள்களைப் பார்த்து வரிசையாக எழுதி வைத்தால் எந்த மாதம் இறுக்கும் என்று முன்பே தெரியும். வெளிநாட்டு வீரர்களுக்குச் சம்பளம் 20 சதவீதம் கூடுதல் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 7: ஒரே ஒரு மாற்றம்

எல்லாம் எழுதி முடித்ததும் பத்து மாற்றங்கள் செய்யத் தோன்றும். பயிற்சியை மாற்றலாமா, ஃபார்மேஷனை மாற்றலாமா, பாதி அணியை விற்றுவிடலாமா என்றெல்லாம். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். இரண்டை மாற்றினால் அடுத்த சீசனில் எது வேலை செய்தது என்று சொல்ல முடியாது. தேர்ந்ததை நோட்டின் அடுத்த பக்கத்தில் தேதி போட்டு எழுதுங்கள், என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்பதை எண்ணாகவும் எழுதுங்கள்.

என் பக்கத்தில் இருப்பது இது. பயிற்சி பிளேமேக்கிங்காகவே தொடரும். வயதான நடுக்கள வீரர் ஒருவரை விற்று, ஸ்கோரிங்கோடு பாஸிங்கும் உள்ள ஒரு முன்கள வீரரை வாங்க வேண்டும். எதிர்பார்ப்பது: மையத் தாக்குதல் சராசரி 7. இடைவெளி வார ஃப்ரெண்ட்லிக்கு எதிரணியை இன்று காலையே பிடித்துவிட்டேன், மூன்று பையன்களின் பெயரும் அணிப் பட்டியலில் ஏறிவிட்டது.