சாக்கெட்டின் இரண்டு துளையிலும் டெஸ்டர் எரிந்தால்

வீட்டின் ஒரு பகுதியில் லைட், ஃபேன் எதுவும் ஓடவில்லை. ஆனால் சாக்கெட்டின் இரண்டு துளையிலும் டெஸ்டர் எரிந்தது. இரண்டு ஃபேஸ் (மின்சாரம் வரும் ஒயர்) வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். நியூட்ரல், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் ஒயர், எங்கோ விட்டுப்போயிருக்கிறது. ஆனில் இருக்கும் பல்பு வழியாக ஃபேஸ்தான் நியூட்ரல் ஒயருக்கு வந்து நிற்கிறது. அதைத் தொட்டால் நிஜமாகவே ஷாக் அடிக்கும்.

மல்டிமீட்டரில் ஃபேஸ்–எர்த் 231 வோல்ட், ஃபேஸ்–நியூட்ரல் வெறும் 4. அந்த சர்க்யூட்டின் சுவிட்சுகளை அணைத்து, பிளக்குகளையும் உருவியதும் நியூட்ரல் துளையில் டெஸ்டர் அணைந்தது. சந்தேகம் தீர்ந்தது.

மெயினை அணைத்து, மின்சாரம் இல்லை என்று மல்டிமீட்டரில் உறுதிசெய்த பிறகே ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தேன். வேலை செய்யும் கடைசி பாயிண்டுக்கும் செய்யாத முதல் பாயிண்டுக்கும் நடுவில்தான் தேட வேண்டும். அங்கே நியூட்ரல் முறுக்கு டேப்புக்குள்ளேயே கருகி, செம்பு இழைகள் தொட்டதும் உதிர்ந்தன. கருகியதை வெட்டி, பளபளப்பான செம்பு 10 மில்லிமீட்டர் தெரியும்படி சீவி, ஸ்குரூ கனெக்டரில் இறுக்கி, இழுத்துப் பார்த்தேன். வெறும் முறுக்கும் டேப்பும் போதாது. லோடு ஏறும்போது சூடாகி மறுபடி தளரும்.

மூன்று ஃபேஸ் இணைப்பில் மெயின் நியூட்ரலே போனால் சில அறைகளில் 300 வோல்ட்டுக்கு மேலும் ஏறலாம். அப்போது உடனே மெயினை அணைத்துவிட்டு மின் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.